சிறு விமானம் ஒன்றின் வளர்ச்சி வரலாற்றை எழுதுவது எப்படி: செஸ்னா 172-ஐ முன்வைத்து

நான்கு பேர் அமரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று எப்படிப் பிறந்தது, எப்படி மாறிமாறி வந்தது என்பதை முறையாக எழுத விரும்பும் மாணவர்களுக்கும், அறிவியல் மன்றங்களுக்காகக் கண்காட்சிப் பலகை தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கடலூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாணவர்கள் சிலருடன் அமர்ந்து செஸ்னா 172 விமானத்தின் வரலாற்றைத் தொகுத்தபோது எந்த வழி சரியாக வந்தது, எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதெல்லாம் இன்னும் நினைவில் பசுமையாக இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

செஸ்னா 172-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. 1955-இல் முதலில் பறந்த இந்த விமானம், இடையில் பத்தாண்டு இடைவெளி தவிர, இன்றுவரை தயாரிக்கப்படுகிறது. 44,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. உலகில் வேறு எந்த விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இந்தியப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றிலும் இது பறப்பதால், நம் மாவட்டத்திலிருந்து விமானி ஆகச் சென்ற பிள்ளைகளில் பலர் முதன்முதலில் கைவைத்த சுக்கான் இதனுடையதாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் அடிப்படை உருவம் மாறவே இல்லை. மேலே இறக்கை, இருபுறமும் ஒற்றை முட்டுக் கம்பி, மூன்று சக்கரம், நான்கு இருக்கை. உருவம் அப்படியே இருப்பதால்தான் சிறு மாற்றங்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரிகின்றன. முழுக்க முழுக்கப் புதிதாக வடிவமைக்கப்பட்ட விமானங்களை ஒப்பிடும்போது எது எதனால் மாறியது என்று சொல்வது கடினம்.

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி வரலாறு என்பது புதிதாக வந்தவற்றின் பட்டியலாக முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருவருடைய குறைக்குக் கிடைத்த பதில். அந்தப் பதிலுக்கு வேறொரு இடத்தில் ஒரு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. எடை கூடியது, வேகம் சற்றுக் குறைந்தது, பழைய வசதி ஒன்று போனது என்று அந்த விலை பல வடிவங்களில் வரும். எனவே உங்கள் அட்டவணையில் ஆண்டு, வகை, எஞ்சின், குதிரைத்திறன், உச்ச எடை ஆகிய பத்திகளுக்குப் பின் ‘குறை’ என்று ஒரு பத்தியும் ‘விலை’ என்று ஒரு பத்தியும் கட்டாயம் இருக்கட்டும். இந்த இரண்டும் காலியாக இருக்கும்வரை அந்த வரிசையை முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

முன்னோரிடமிருந்து தொடங்குங்கள்

172-இன் கதையை 172-இலிருந்து தொடங்கினால் முதல் வரியிலேயே குறை என்னவென்று எழுத முடியாது. அதற்கு முன் வந்த 170-க்குப் போக வேண்டும். 1948-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரில் செஸ்னா நிறுவனம் வெளியிட்ட 170-க்கு உடல் உலோகம், இறக்கையோ துணி போர்த்தியது. இறக்கையைத் தாங்கியவை ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் அமைந்த இரட்டைக் கம்பிகள். அடுத்து வந்த 170ஏ-இல் இறக்கையும் உலோகமாகி முட்டுக் கம்பி ஒன்றாகச் சுருங்கியது. 1952-இன் 170பி-இல் பின்னோக்கி நீண்டு கீழே இறங்கும் பெரிய ஃபிளாப்புகள், அதாவது விமானம் மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்விளிம்புத் தகடுகள், வந்தன. அந்த ஃபிளாப்புகள் 172-க்கும் கைமாறின. பின்னால் வரும் ஒரு முக்கியமான மாற்றத்துக்கு அவையே மூலம் என்பதால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

170-க்கு இருந்த பெரிய குறை வால் சக்கரம். இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னே, சிறு சக்கரம் ஒன்று வாலின் அடியில் என்று அமைந்த விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. தரையில் ஓடும்போது மூக்கு சற்றே திரும்பினாலும் பின்னால் இருக்கும் எடை அந்தத் திருப்பத்தை மேலும் பெரிதாக்கி விமானத்தையே சுழற்றிவிடும். பாரம் ஏற்றிய வண்டியை முன்னிருந்து இழுத்தால் அது பின்னாலேயே நேராக வரும். அதையே பின்னிருந்து வேகமாகத் தள்ளினால் முன்பக்கம் இப்படியும் அப்படியும் அலையும். மாணவர்களுக்கு இதை விளக்க இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று போதும். மூன்றாவது சக்கரத்தை வாலிலிருந்து எடுத்து மூக்கின் கீழ் வைத்து, பெரிய சக்கரங்களை எடை மையத்துக்குப் பின்னால் தள்ளியதுதான் 172-இன் பிறப்பு. 1955 ஜூன் 12 அன்று முதல் மாதிரி பறந்தது. அடிப்படை விலை 8,995 டாலர். முதல் முழு ஆண்டான 1956-இலேயே 1,400-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 170-இன் தயாரிப்பும் அந்த ஆண்டுக் காலத்திலேயே முடிவுக்கு வந்தது.

இதற்கும் விலை உண்டு. மூக்குச் சக்கரமும் அதன் தாங்கியும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்று வேகத்தைக் கொஞ்சம் தின்கின்றன. கரடுமுரடான தரையில் வால் சக்கர விமானம் துணிந்து இறங்கும் இடத்தில் மூக்குச் சக்கரம் மாட்டிக்கொள்ளும். அதையும் அதே வரியில் எழுதுங்கள்.

எந்த ஆவணத்தை முதலில் எடுப்பது

இணையத்தில் சிதறிக் கிடக்கும் கட்டுரைகளை முதலில் படித்தால் ஒன்றுக்கொன்று முரண்பட்ட ஆண்டுகள் கைக்கு வரும். முதலில் எடுக்க வேண்டியது வகைச் சான்றிதழ்த் தரவுத்தாள். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒவ்வொரு விமான வகைக்கும் இதை வெளியிடுகிறது, இலவசமாகவே கிடைக்கிறது. செஸ்னா 172-க்கு உரிய தாளின் எண் 3ஏ12. ஒவ்வொரு வகைக்கும் எந்த எஞ்சின், எந்த எரிபொருள், உச்ச எடை எவ்வளவு, எடை மையம் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம், எந்தத் தொடர் எண் முதல் எந்தத் தொடர் எண்வரை என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அலங்காரம் ஏதும் இல்லாத, வறண்ட தாள். ஆனால் நம் அட்டவணையின் முதுகெலும்பு அதுவே.

தரவுத்தாளைப் படிக்கும்போது ஓர் எதிர்பாராத செய்தி கிடைக்கும். 172 என்ற எண்ணைப் பெயரில் சுமந்துகொண்டிருக்கும் சில விமானங்கள் அந்தத் தாளில் இருக்காது. சக்கரம் உள்ளே மடங்கும் 172ஆர்ஜி, 195 குதிரைத்திறன் கொண்ட ஹாக் எக்ஸ்பி ஆகியவை 3ஏ17 என்ற மற்றொரு தாளில், 175 ஸ்கைலார்க் என்ற விமானத்தின் சான்றிதழின் கீழ் இருக்கின்றன. பெயரால் ஒரு குடும்பம், சட்டத்தால் மற்றொரு குடும்பம். இந்த 175-இன் கதை தனியாகப் படிக்கத் தகுந்தது. 172-இன் உடலில் பல்சக்கரம் பூட்டிய 175 குதிரைத்திறன் எஞ்சினை வைத்து 1958-இல் விற்கத் தொடங்கினார்கள். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3,000-க்கும் மேற்பட்ட சுற்றில் ஓட வேண்டியது. 172-இல் பழகிய விமானிகள் பலர், இவ்வளவு வேகமாக ஓடினால் எஞ்சின் கெட்டுவிடும் என்று எண்ணிச் சுற்றைக் குறைத்து ஓட்டினார்கள்; அப்படிக் குறைத்ததாலேயே எஞ்சின் கெட்டது. 1962-இல் அந்தப் பெயர் மறைந்தது. எந்தத் தரவுத்தாளிலும் இந்தக் காரணம் இருக்காது; விமானிகளின் நினைவுக் குறிப்புகளிலும் பராமரிப்புக் கட்டுரைகளிலும்தான் கிடைக்கும். எனவே முதுகெலும்புக்குத் தரவுத்தாள், சதைக்கு மற்றவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக் கையேடுகளை மூன்றாவதாக வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பெருமையை முன்னிறுத்தி விற்றார்கள் என்று அவற்றிலிருந்து அறியலாம்; குறையை அறிய அவை உதவா. குறையை அறிவதற்குப் பறக்கும் தகுதி தொடர்பான கட்டாய உத்தரவுகளைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளத்தைச் சோதிக்க வேண்டும் என்ற உத்தரவு 1987-இல் வந்தது. தேய்ந்த துளையிலிருந்து பூட்டு ஊசி நழுவினால், விமானம் மூக்கைத் தூக்கி எழும்பும் வேளையில் விமானியின் இருக்கை பின்னால் ஓடிவிடும். அவர் கை சுக்கானைப் பிடித்தபடியே இருந்தால் மூக்கு இன்னும் மேலே போகும். ஒரு சிறு துளையின் தேய்மானம் உயிரோடு விளையாடக்கூடியது என்பதை இப்படிப்பட்ட உத்தரவுகளே காட்டுகின்றன.

ஆண்டும் எழுத்தும் செய்யும் குழப்பம்

நாங்கள் முதலில் செய்த தவறு ஆண்டில். 172 வந்தது 1955 என்று ஒருவர் எழுதினார், 1956 என்று மற்றவர் எழுதினார். இரண்டையும் இரண்டு விமானமாக எண்ணி இரண்டு வரிசை போட்டுவிட்டோம். அமெரிக்க நிறுவனங்கள் கார்களைப் போலவே விமானங்களையும் அடுத்த ஆண்டின் பெயரில் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வெளியிடும் வழக்கம் உடையவை. 1955 நவம்பரில் கடைக்கு வந்த 172, 1956-இன் மாடல். 1960-இன் இறுதியில் வந்த 172பி, 1961-இன் மாடல். உங்கள் அட்டவணையில் மாடல் ஆண்டு ஒன்றையே பின்பற்றுங்கள். அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்துக்களில் தமிழில் எழுதுவோருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ‘பி’ என்றே வரும். 1961-இன் 172பி வேறு, 1981-இன் 172பி வேறு. இடையில் இருபது ஆண்டு இருக்கிறது. இந்த வகையை எழுதும் ஒவ்வொரு முறையும் ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் நானும் அப்படியே செய்கிறேன்.

வரிசையில் இரண்டு எழுத்துக்கள் இல்லை. 172ஓ என்று ஒன்று கிடையாது. அந்த எழுத்து பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். அதைத் தேடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டோம். 172ஜே இல்லாமல் போனதன் காரணம் வேறு, அது வரலாற்றின் நடுவிலேயே நிற்கிறது. 1968-இல் பழைய வடிவத்தைக் கைவிட்டு, முட்டுக் கம்பியே இல்லாத, நவீனத் தோற்றம் கொண்ட ஒரு விமானத்தை 172ஜே என்று வெளியிடச் செஸ்னா திட்டமிட்டது. பழையதும் தொடர வேண்டும் என்று விற்பனையாளர்கள் பலர் வற்புறுத்தினார்கள். புதியதற்கு 177 கார்டினல் என்று பெயரிட்டார்கள். பழையது 172ஐ (ஆங்கில ‘ஐ’ எழுத்து) என்று தொடர்ந்தது. கார்டினல் 1978-இல் நின்றுவிட்டது. அது இடம்பிடிக்க வேண்டியிருந்த 172 இன்றும் பறக்கிறது. என் பார்வையில் இந்த முழு வரலாற்றிலும் மிக முக்கியமான வரிசை இல்லாத இந்த வரிசைதான். ஆகவே 172ஜே-க்கு ஒரு வெற்று வரிசை விட்டு, அதில் இந்தக் காரணத்தை எழுதுங்கள்.

படத்தைப் பார்த்தே ஆண்டைச் சொல்வது

இந்தப் பகுதியே மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்து, வாலிலிருந்து மூக்கை நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் செங்குத்து வால். அது நிமிர்ந்து, ஏறக்குறைய சதுரமாக நின்றால் 1956 முதல் 1959 வரையிலான தொடக்க கால 172. பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் 1960-இன் 172ஏ அல்லது அதற்குப் பிந்தையது. இந்தச் சாய்வால் பறப்பதில் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. ஜெட் விமானங்களும் துடுப்பு முளைத்த கார்களும் மக்கள் மனத்தைப் பிடித்திருந்த காலம் அது, தோற்றத்துக்காகவே சாய்த்தார்கள். ‘குறை’ என்ற பத்தியில் “பழைய தோற்றம்” என்று எழுதத் தயங்க வேண்டாம். விற்பனையும் வளர்ச்சியின் ஒரு காரணமே.

அடுத்து பின்புறச் சன்னல். கூரையிலிருந்து வால்வரை முதுகு ஒரே சரிவாக ஓடினால் 1962 வரை. இருக்கைக்குப் பின் முதுகு தாழ்ந்து, அங்கே சுற்றிவளைந்த கண்ணாடி இருந்தால் 1963-இன் 172டி முதற்கொண்டு. பின்னால் வரும் விமானத்தைக் காண முடியவில்லை என்ற குறைக்கு அது பதில்; அறைக்குள் வெளிச்சமும் வந்தது.

பிறகு சக்கரக் கால்கள். பட்டையான எஃகுத் தகடு வில்லாக வளைந்திருந்தால் 1970 வரை. ஸ்டீவ் விட்மன் என்ற பந்தய விமானி வடிவமைத்த அந்த எளிய தகட்டுக் காலைச் செஸ்னா உரிமம் பெற்றுத் தன் விமானங்களில் பயன்படுத்தியது. அதில் சுருள்வில்லும் இல்லை, எண்ணெய் அடைத்த தாங்கியும் இல்லை, உடையப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1971-இன் 172எல் முதல் கூம்பாகச் சிறுத்து வரும் எஃகுக் குழாய் அந்த இடத்துக்கு வந்தது. சக்கரத்துக்கு மேல் உறை போட்டிருந்தாலும் காலின் வடிவத்தைப் படத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இறக்கையின் முன்விளிம்பு சற்றுக் கீழே வளைந்திருப்பது 1973-இன் 172எம் தொடங்கி வந்தது. மெதுவாகப் பறக்கும்போது இறக்கை காற்றைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. படத்தில் இதைக் காண்பது எளிதல்ல, பழகிய கண் வேண்டும்.

உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தால் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவில் ஒரு நீண்ட கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபிளாப் கையால் இழுப்பது. 1964 வரையிலான வகை. 1965-இன் 172எஃப் முதல் மின்மோட்டாரும் பொத்தானும் வந்துவிட்டன. கைக்கு நோகாமல் போனது உண்மை. ஆனால் கைப்பிடியில் ஃபிளாப் எத்தனை பாகை இறங்கியிருக்கிறது என்பதைக் கையே சொல்லும், வேண்டும்போது நொடியில் மேலே ஏற்றவும் முடியும். பழைய கைப்பிடியை இன்றும் விரும்பும் விமானிகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

பெயருக்கு முன்னால் ‘எஃப்’ என்ற எழுத்து வந்தால், அதாவது எஃப்172 என்று இருந்தால், அது பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த மாணவர்கள் இருந்தால் ரெய்ம்ஸ் விமானங்களைப் பற்றிப் பிரெஞ்சில் கிடைப்பவற்றைத் தேடும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். 1987 மே 28 அன்று மத்தியாஸ் ரஸ்ட் என்ற மேற்கு ஜெர்மானிய இளைஞர் ஹெல்சிங்கியிலிருந்து பறந்து மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தின் அருகே இறங்கியது இந்த ரெய்ம்ஸ் வகை ஒன்றில்தான். அந்த விமானம் இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எஞ்சினைப் பற்றி எழுதும்போது

கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர் யாரையேனும் தெரிந்தால் அவரை இந்தப் பகுதிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் வால்வுகளை அசைக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டும், அந்த அசைவைக் கடத்தும் டேப்பெட்டும் அவருக்கு நன்கு தெரிந்தவை.

1956 முதல் 1967 வரை 172-இல் இருந்தது ஆறு சிலிண்டர் கொண்ட 145 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். 1968-இன் 172ஐ முதல் நான்கு சிலிண்டர் லைகமிங், 150 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர் குறைந்தும் ஆற்றல் கூடியது; பராமரிப்பும் குறைந்தது. 1977-இன் 172என், புதிய உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்றபடி 160 குதிரைத்திறன் கொண்ட புதிய லைகமிங் எஞ்சினோடு வந்தது. அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் அளவுக்கு மீறித் தேய்ந்தன. எண்ணெய் முழுதும் ஏறாத குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் சில நொடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசுவதே தேய்மானத்தின் வேர். திருத்தங்கள் செய்து பார்த்தார்கள். கடைசியில் 1981-இன் 172பி-இல் அதே 160 குதிரைத்திறன் தரும், மெய்ப்பிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு லைகமிங்குக்கு மாறினார்கள். எண்களை மட்டும் பார்த்தால் 160-லிருந்து 160-க்குப் போனது மாற்றமே இல்லை என்று தோன்றும். ‘குறை’ பத்தி இல்லாவிட்டால் இந்த வரிசை ஊமையாகிவிடும்.

கார்புரேட்டர் பனி என்பது நம் ஊர் மாணவர்கள் நம்ப மறுக்கும் செய்தி. பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரையும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பம் இருபது பாகைக்கு மேல் வீழ்ந்துவிடும். மார்கழிக் காலையில் வங்கக் கடலோரம் வெப்பம் 22 பாகை, காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைக் குறைத்து இறங்கும் விமானத்தின் கார்புரேட்டருக்குள் பனி படிவதற்கு அது போதும். அதனால்தான் பழைய 172-களில் சூடான காற்றை உள்ளே விடும் குமிழ் ஒன்று இருக்கிறது, இறங்கும் முன் அதை இழுக்கக் கற்றுத் தருகிறார்கள். 1996-க்குப் பின் வந்த 172ஆர் எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சினைப் பெற்றபோது கார்புரேட்டரே போய்விட்டது, அதோடு பனியும் போனது. விலை: சூடாக நிறுத்திய எஞ்சினை மீண்டும் கிளப்புவது இந்த வகையில் சிரமம், குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி நின்றுகொள்ளும். சித்திரை வெயிலில் இது சிறிய தொல்லை அல்ல.

172ஆர்-க்கும் 1998-இல் வந்த 172எஸ்-க்கும் எஞ்சின் ஒன்றே. முன்னதில் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று கட்டுப்படுத்தி 160 குதிரைத்திறன். பின்னதில் 2,700 சுற்றுவரை விட்டு 180. புரொப்பல்லர் மட்டும் வேறு.

எடையைக் கடற்கரையில் வரைந்து பாருங்கள்

‘குடும்ப விமானம்’ என்ற சொல்லை எத்தனை முறை எழுதினாலும் அது எவ்வளவு சிறியது என்று மாணவர்களுக்குப் புரியாது. நாங்கள் செய்ததைச் செய்து பாருங்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு விடியற்காலையில் போய், அலை விட்டுச்சென்ற ஈர மணலில் முழு அளவில் வரையுங்கள். இறக்கை முனையிலிருந்து முனைவரை 11 மீட்டர். மூக்கிலிருந்து வால்வரை 8.28 மீட்டர். இறக்கை உடலைச் சந்திக்கும் இடத்தில் அகலம் 1.63 மீட்டர். உள் அறையின் அகலம் 1 மீட்டர். நைலான் கயிறும் நான்கு குச்சியும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், கடல் அனுமதிக்காது.

நால்வரை அந்த ஒரு மீட்டர் அகலத்துக்குள் இருவர் இருவராக உட்கார வைத்தோம். தோளோடு தோள் இடித்தது. அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து நின்று பார்த்தார். “இதுல நாலு பேரா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கயிற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தவர், இறக்கைக் கோட்டின் மேல் காலை வைத்து, “தூக்குறது இந்த இடத்துலதானே? பின்னால ரெண்டு பேரும் கனமா குந்தி, அதுக்கும் பின்னால சாமானும் வச்சா மூக்கு அண்ணாந்துடுமே” என்றார். தரவுத்தாளில் எடை மைய எல்லை என்று நாங்கள் படித்துப் புரியாமல் கடந்துபோன பத்தியை அவர் படகில் கற்ற அறிவால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பின்னால் பாரம் கூடினால் மூக்கு மேலே போகும், இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விழும்போது மீட்பது கடினமாகும். ஆகவே எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் சான்றிதழில் இருக்கிறது.

அங்கேயே கணக்கையும் போட்டோம். 172எஸ்-இன் உச்ச எடை 2,550 பவுண்டு, அதாவது 1,157 கிலோ. வெற்று விமானம், கருவிகளைப் பொறுத்து, ஏறக்குறைய 760 கிலோ. மீதி 397. தொட்டி நிறையப் பெட்ரோல் 56 அமெரிக்க கேலன், அது ஏறக்குறைய 152 கிலோ. ஆட்களுக்கும் பைகளுக்கும் மிஞ்சுவது 245 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று நான்கு பெரியவர் ஏறினால் 260. தொட்டியை நிரப்பினால் ஆள் ஏற முடியாது, ஆளை ஏற்றினால் தொட்டி நிரம்பக் கூடாது. தகப்பன், தாய், இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் சரியாக வரும். ‘குடும்பம்’ என்று சொன்னது அதைத்தான். 1962-இன் 172சி-இல் சாமான் வைக்கும் இடத்தில் குழந்தைகளுக்கான கூடுதல் இருக்கை ஒன்றைக்கூட விருப்பத்துக்கு விற்றார்கள்.

இந்தக் கணக்கைப் போட்ட பின் உச்ச எடைப் பத்தி உயிரோடு பேசத் தொடங்கும். 1956-இல் 2,200 பவுண்டு. 1961-இன் 172பி-இல் 2,250. 1963-இல் 2,300, அங்கே பதினெட்டு ஆண்டு நின்றது. 1981-இன் 172பி-இல் 2,400. 172ஆர்-இல் 2,450, 172எஸ்-இல் 2,550. 1981-இல் நூறு பவுண்டு கூடியதற்கு என்ன விலை கொடுத்தார்கள் தெரியுமா? 170பி-இலிருந்து வந்த அந்தப் பெரிய ஃபிளாப்புகள் அதுவரை 40 பாகை இறங்கின. முழுதும் இறங்கிய நிலையில், தரையைத் தொடும் முன் ஏதோ காரணத்தால் மீண்டும் மேலே ஏற வேண்டி வந்தால், கூடுதல் எடையோடு விமானம் போதிய அளவு ஏறாது. எனவே ஃபிளாப்பை 30 பாகையோடு நிறுத்திவிட்டார்கள். குட்டையான ஓடுபாதையில் செங்குத்தாக இறங்கும் திறமையில் ஒரு பங்கு போய், ஒரு குழந்தையும் கொஞ்சம் சாமானும் ஏற்றும் இடம் வந்தது.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். கடல் மட்டத்தில், இயல்பான வெப்பத்தில், 172எஸ் தரையை விட்டு எழ 293 மீட்டர் ஓட்டம் போதும் என்கிறது அதன் கையேடு. மேப் ஒன்றை விரித்து அந்த ஓடுபாதையில் ஐந்தில் ஒரு பங்கை வண்ணமிட்டுக் காட்டினால், இப்படிப்பட்ட விமானத்துக்கு எவ்வளவு சிறிய இடம் போதும் என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

பத்தாண்டு மௌனத்தை எழுதுவது

1986-இல் தயாரிப்பு நின்றது. விமானம் பழுதானதால் அல்ல. இருபது, முப்பது ஆண்டு பழைய விமானம் விபத்துக்குள்ளானாலும் தயாரிப்பாளர் மீது வழக்கு வந்தது. அந்தச் செலவும் காப்பீட்டுச் செலவும் ஒவ்வொரு புதிய விமானத்தின் விலையிலும் ஏறின, வாங்குவோர் குறைந்தனர். 1994-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், சிறு விமானங்களின் வடிவமைப்புப் பொறுப்புக்கு 18 ஆண்டு எல்லை வைத்தது. அதன் பின் கான்சஸில் இன்டிபென்டன்ஸ் என்ற ஊரில் புதிய ஆலை கட்டி 1996-இல் மீண்டும் தொடங்கினார்கள். உங்கள் அட்டவணையில் இந்தப் பத்தாண்டுக்கு இடம் விடுங்கள். காலக்கோட்டில் அதைச் சுருக்கிவிட வேண்டாம்.

சாதனைக் கதைகள் பலகையைப் பார்க்க வருவோரை நிறுத்தி வைக்கும். 1958 டிசம்பர் 4 அன்று லாஸ் வேகஸில் எழும்பிய ராபர்ட் டிம், ஜான் குக் இருவரும் ஒரு 172-இல் 64 நாள் 22 மணி நேரம் தரையிறங்காமல் பறந்து, 1959 பிப்ரவரி 7 அன்று இறங்கினார்கள். சாலையில் ஓடும் டிரக்கின் மேல் தாழப் பறந்து பெட்ரோலும் உணவும் மேலே இழுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையை ஓரமாக, சிறு கட்டத்தில் வையுங்கள்; அட்டவணைக்கு நடுவில் வைத்தால் மாற்றங்களின் தொடர்ச்சி அறுந்துவிடும்.

பலகையில் மொத்தம் 18 வகைகள் வரும். 172ஜே-க்கான வெற்று வரிசையையும் 1986 முதல் 1996 வரையிலான இடைவெளியையும் சேர்த்து 20 வரிசை. வரிசைக்குக் கைப்பிடி அகலம் விட்டால் ஒரு வேட்டி நீளத் துணியில் தாராளமாக அடங்கும். காடாத் துணியில் எழுதிச் சுருட்டி வைத்தால் அடுத்த பள்ளிக்கும் கொண்டு போகலாம். எழுத்தை நீலத்தில் எழுதுங்கள், ‘விலை’ பத்தியை மட்டும் சிவப்பில். எடைகளைப் பவுண்டிலும் கிலோவிலும் சேர்த்தே எழுதுங்கள். துணியைத் தொங்கவிடும் முன், இரண்டு 172பி-களுக்கும் பக்கத்தில் ஆண்டு இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.